கோப்பு எங்கே இருக்கிறது?

அத்தியாயம் 4: அடிப்படைக் கணினிச் சொற்களைக் கைப்பழக்கத்தோடு கற்பித்தல்

ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு முதன்முதலாகக் கணினி சொல்லிக் கொடுக்கப்போகும் ஆசிரியர்களுக்கு இந்த அத்தியாயம். உங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தொடுதிரைக் கைப்பேசியோடு வளர்ந்தவர்கள். யூடியூபில் தேடுவார்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள், கடையில் அப்பாவுக்குப் பதிலாக க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து கொடுப்பார்கள். இதைப் பார்த்துவிட்டு, ‘இவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது’ என்று தயங்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர். அதே பிள்ளையைக் கணினி முன் உட்காரவைத்து, நான்கு வரி தட்டச்சு செய்து சேமிக்கச் சொல்லுங்கள். மறுநாள் அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பத்துப் பேரில் எத்தனை பேர் எடுத்துத் தருகிறார்கள் என்று பார்த்தால் பாடத்தை எங்கே தொடங்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கைப்பேசி, கோப்பு என்ற ஒன்றைக் கண்ணில் காட்டாமலே வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. படம் கேலரியில் இருக்கும், பாட்டு பாட்டுச் செயலியில் இருக்கும். எடுக்க வேண்டியபோது அதுவே முன்னால் வந்து நிற்கும். கணினி அப்படி இல்லை. அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் இடம், ஒரு வகை, ஓர் அளவு உண்டு. இந்த நான்கையும் கேட்டவுடன் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மற்ற எல்லாம் எளிதில் வரும். இந்த நான்கும் தெரியாத பிள்ளை, பவர்பாயின்ட்டில் எவ்வளவு அழகாகப் பூப்போட்டாலும், இ-சேவை மையத்துக் கவுன்ட்டரில் இன்னொருவரை நம்பித்தான் நிற்க வேண்டியிருக்கும். 2018 முதல் பொறியியல் கலந்தாய்வே இணையவழியில்தான் நடக்கிறது. உதவித்தொகை, போட்டித் தேர்வு, சாதிச் சான்றிதழ் என்று எதை எடுத்தாலும் ஏதோ ஒரு கட்டத்தில் ‘கோப்பைப் பதிவேற்றவும்’ என்ற வரி வந்துவிடும். அந்த வரியைப் பார்த்து மிரளாத மாணவரை உருவாக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதலில் கை, பிறகு பெயர்

பாடநூலைத் திறந்து ‘உள்ளீட்டுச் சாதனங்கள் யாவை’ என்று தொடங்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. விசைப்பலகை, சுட்டி, வருடி, ஒலிவாங்கி என்று பட்டியலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள். இரண்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் அந்தச் சொற்கள் கையில் ஒட்டாது. வரிசையை மாற்றுங்கள். பிள்ளை ஒரு காரியத்தைச் செய்யட்டும்; செய்து முடித்த கையோடு, ‘இப்போது செய்தாயே, இதற்குப் பெயர் இது’ என்று சொல்லுங்கள். பெயர் தெரிந்தாக வேண்டும் என்ற தேவை எழும்போது கேட்ட சொல் மறக்காது.

எந்தப் பெயரைச் சொல்வது என்பது அடுத்த கேள்வி. பாடநூலில் ‘கோப்புறை’ என்று இருக்கும், திரையில் ஆங்கிலத்தில் ‘ஃபோல்டர்’ என்று இருக்கும், பேச்சிலும் ஃபோல்டர்தான். இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பிள்ளைக்கு நட்டம். தமிழ்ச் சொல் மட்டும் தெரிந்தவர் திரையைப் பார்த்துத் திகைப்பார். ஆங்கிலச் சொல் மட்டும் தெரிந்தவர் அதன் பொருள் புரியாமல் ஒரு குறியீடாகவே அதை வைத்துக்கொண்டிருப்பார். ஆகவே இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்: ‘சேவ் கொடு, சேமி’, ‘ஃபோல்டரை, அதாவது கோப்புறையைத் திற’. சில வாரங்களில் பிள்ளைகள் தாமாகவே இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் தவறு என்று திருத்தாதீர்கள். விண்டோஸ், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் ஆகிய மூன்றையுமே தமிழ் இடைமுகத்தில் வைக்க முடியும். ஆய்வகத்தில் ஒரே ஒரு கணினியையாவது அப்படி மாற்றி வையுங்கள். பட்டியலில் ‘கோப்பு, திருத்து, பார்வை’ என்று தமிழில் பார்க்கும் பிள்ளையின் முகத்தில் தெரியும் நிம்மதிக்காகவே அதைச் செய்யலாம்.

இரண்டு சொற்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று ‘செயலி’. கைப்பேசியில் நிறுவிக்கொள்ளும் ஆப்பையும் செயலி என்கிறோம், கணினிக்குள் கணக்குப் போடும் சில்லையும் செயலி என்று சில நூல்கள் எழுதுகின்றன. வகுப்பில் இது பெரும் குழப்பம் தரும். ஆப்புக்குச் ‘செயலி’, உள்ளே இருக்கும் சில்லுக்கு ‘மையச் செயலகம்’ என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். இரண்டாவது, ‘சிபியு’. நம் ஊரில் மேசைக்கடியில் நிற்கும் பெட்டி முழுவதையும் சிபியு என்றே அழைக்கிறார்கள். பழுது பார்க்க வருபவரும் அப்படித்தான் சொல்வார். பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டு, வட்டு, மின்வழங்கி, விசிறி எல்லாம் சேர்ந்ததுதான் மையச் செயலகம் என்று எழுதுவார்கள்.

இதைச் சொல்லித் திருத்துவதை விடத் திறந்து காட்டித் திருத்துவது மேல். எந்தப் பள்ளியிலும் ஓடாத பழைய கணினி ஒன்று மூலையில் கிடக்கும். தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறங்கள். விசிறியை எடுத்தால் அதன் அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு சதுரத் தகடு தெரியும். ‘இதுதான் மையச் செயலகம். இவ்வளவு பெரிய பெட்டியில் இது மட்டும்தான்’ என்று கையில் கொடுத்துப் பார்க்கவிடுங்கள். பக்கத்தில் நீளமாகச் செருகப்பட்ட பட்டை நினைவகம். கேபிளோடு தனியாக இருப்பது வன்தட்டு. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. கம்பியைக் கழற்றிய பிறகும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும். பழைய குழாய்த் திரைகளுக்கும் இதே எச்சரிக்கை. இந்தப் பாடத்துக்கு ஒரு வகுப்பு போதும். பாகங்களின் பட்டியலில் அதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

கோப்பு: இங்கே நின்று நிதானமாக

நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு என்பதை விளக்க எத்தனையோ உவமைகள் புழக்கத்தில் உள்ளன. எதுவும் தேவையில்லை, ஒரு சோதனை போதும். பிள்ளைகளை நோட்பேடில் தங்கள் பெயரையும் ஊரையும் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பிறகு, சேமிக்காமலே மூடச் சொல்லுங்கள். ‘சேமிக்கவா?’ என்று கணினி கேட்கும். ‘வேண்டாம்’ என்று சொல்லட்டும். மீண்டும் திறந்தால் வெற்றுப் பக்கம். வகுப்பில் ஓர் ‘ஐயோ’ எழும். அந்த நேரத்தில் சொல்லுங்கள்: திரையில் தெரிந்தது நினைவகத்தில் மட்டும் இருந்தது, சேவ் கொடுத்தால்தான் அது வட்டுக்குப் போகும், மின்சாரம் போனால் நினைவகத்தில் உள்ளது போய்விடும், வட்டில் உள்ளது நிற்கும். இதைச் செய்துகாட்ட மின்கம்பியைப் பிடுங்காதீர்கள், வட்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் கோப்புகள் கெட்டுப்போகும். விண்டோஸ் 11இல் உள்ள புதிய நோட்பேட், சேமிக்காத பக்கத்தையும் தானே நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி காட்டக்கூடும். அதனால் முந்தைய நாளே உங்கள் கணினியில் ஒருமுறை சோதித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

அடுத்து இடம். ‘சேவ் ஆஸ்’ சாளரத்தைத் திறந்தவுடன் பிள்ளைகளின் கை நேராகச் சேவ் பொத்தானுக்குப் போகும். அங்கே நிறுத்துங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் மூன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள்: எந்தக் கோப்புறை, என்ன பெயர், என்ன வகை. ‘டாக்குமென்ட்ஸ் உள்ளே எட்டு-ஆ, அதற்குள் என் பெயர், அதற்குள் கட்டுரை 1’ என்று ஒரு பிள்ளை சொல்லக் கேட்பது முகவரி வாசிப்பதைப் போலவே இருக்கும். இந்த வாய்ப்பழக்கத்தை ஒரு பருவம் முழுக்க விடாமல் பிடியுங்கள். முதலில் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். பருவ முடிவில் உங்கள் ஆய்வகக் கணினிகளின் முகப்புத் திரை, பெயரில்லாத கோப்புகள் குவியாமல் சுத்தமாக இருக்கும்.

பெயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘நியூ 1’, ‘அஅஅ’, ‘பைனல்’, ‘பைனல் பைனல்’ என்று வைக்கும் பழக்கம் பெரியவர்களுக்கே உண்டு. பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே ஓர் ஒழுங்கு கொடுங்கள். தேதி, பாடம், வேலை. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-07-14 என்பதுபோல் பெயரின் தொடக்கத்தில் எழுதினால், கோப்புறையில் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். பெயருக்குள் சாய்கோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி போட்டால் விண்டோஸ் ஏற்காது. தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம், ஆனால் விண்ணப்பத் தளங்களில் பதிவேற்றும் கோப்புக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் வைப்பது பாதுகாப்பு, சில தளங்கள் மற்ற எழுத்துகளை மறுத்துவிடுகின்றன.

வகைக்கு ஒரு நல்ல விளையாட்டு உண்டு. விண்டோஸில் கோப்பின் கடைசி நீட்சி வழக்கமாக மறைக்கப்பட்டிருக்கும். எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ பட்டியலுக்குப் போய் அதைத் தெரியும்படி மாற்றுங்கள். இப்போது கட்டுரைக் கோப்பின் கடைசியில் இருக்கும் டிஎக்ஸ்டி என்ற மூன்று எழுத்தை அழித்து ஜேபிஜி என்று மாற்றச் சொல்லுங்கள். எச்சரிக்கை வரும், சரி கொடுக்கட்டும். கோப்பின் சின்னம் படமாக மாறிவிடும். இரட்டைச் சொடுக்கு கொடுத்தால் படம் திறக்காது, பிழை காட்டும். பெயரை மாற்றினால் உள்ளடக்கம் மாறாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பழைய நீட்சியைத் திருப்பிப் போட்டதும் கட்டுரை அப்படியே திறக்கும். ‘பிடிஎஃப்பாக அனுப்பு’ என்று கேட்கும் இடத்தில் நீட்சியை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டு, ஏன் ஏற்கவில்லை என்று விழிக்கும் பெரியவர்கள் நிறைய உண்டு. இந்த விளையாட்டை விளையாடிய பிள்ளை ‘எக்ஸ்போர்ட்’ எங்கே இருக்கிறது என்று தேடும்.

கடைசியாக அளவு. விண்ணப்பங்களில் பிள்ளைகளும் பெற்றோரும் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ‘புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும்’ என்று தளம் கேட்கும். கைப்பேசியில் எடுத்த படம் 3 அல்லது 4 எம்பி இருக்கும். கேபி, எம்பி, ஜிபி ஆகிய மூன்றும் ஒன்றைவிட ஒன்று சுமார் ஆயிரம் மடங்கு பெரியவை என்ற அளவில் தொடங்குங்கள். ஒரு பக்கத் தமிழ்க் கட்டுரையை எளிய உரைக் கோப்பாகச் சேமித்தால் ஏறக்குறைய 6 கேபி வரும். 4 எம்பிப் படம் ஒன்று அப்படி அறுநூறு பக்கங்களுக்கு மேல் இடம் பிடிக்கும். இந்த ஒப்பீட்டைப் பிள்ளைகளையே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க விடுங்கள், கணித ஆசிரியரும் மகிழ்வார். பிறகு பெயின்ட்டில் படத்தைத் திறந்து ‘ரீசைஸ்’ மூலம் அகல உயரத்தைக் குறைத்துச் சேமித்து, அளவு எப்படி விழுகிறது என்று ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பார்த்து எழுதச் சொல்லுங்கள். சரியாக 50 கேபிக்குள் கொண்டுவரும்வரை விடாதீர்கள். இந்த ஒரு திறன் அந்தக் குடும்பத்துக்கே பயன்படும்.

கூர்மையான ஒரு மாணவி, ‘16 ஜிபி பென்டிரைவ் என்று எழுதியிருக்கிறது, கணினியில் 14.9 என்று காட்டுகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?’ என்று கேட்பாள். ஏமாற்று இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024 ஆகக் கணக்கிடுகிறது. 1024 ஏன் வந்தது என்று அவள் அடுத்துக் கேட்டால், அங்கிருந்து பிட்டுக்கு நேராகப் போய்விடலாம்.

கணினி இல்லாமல் ஒரு வகுப்பு

மின்சாரம் இல்லாத நாளுக்கு இந்தப் பாடத்தை எடுத்து வையுங்கள். நியூசிலாந்தின் டிம் பெல்லும் அவருடைய தோழர்களும் 1990களில் உருவாக்கிய, கணினி இல்லாமலே கணினியியல் கற்பிக்கும் பயிற்சிகளில் இது ஒன்று. ஐந்து அட்டைகளில் முறையே 16, 8, 4, 2, 1 புள்ளிகள் வரையுங்கள். ஐந்து பிள்ளைகள் வகுப்பைப் பார்த்து வரிசையாக நின்று, அட்டையை முன்பக்கமோ பின்பக்கமோ காட்ட வேண்டும். ‘13 காட்டுங்கள்’ என்றால் 8, 4, 1 திரும்பும், மற்றவை மறையும். 19 என்றால் 16, 2, 1. பத்து எண்களுக்குள் பிள்ளைகள் வேகம் பிடித்துவிடுவார்கள். பூஜ்யம் முதல் 31 வரை எல்லா எண்ணும் வரும், ஒரே எண் இரண்டு விதமாக வராது என்று அவர்களே கண்டுகொள்வார்கள். ஆறாவது அட்டையில் எத்தனை புள்ளி என்று கேட்டால், யாராவது ஒருவர் 32 என்பார். ஓர் அட்டை ஒரு பிட். எட்டு அட்டை ஒரு பைட். எட்டு அட்டையில் 255 வரை போகலாம். இவ்வளவு போதும், இரும எண்ணைக் கூட்டக் கழிக்க இந்த வயதில் வற்புறுத்த வேண்டாம்.

அடுத்த ஆய்வக வகுப்பில் இதைத் தமிழோடு இணையுங்கள். நோட்பேடில் ஆங்கிலச் சிறிய ‘ஏ’ ஒன்றை மட்டும் தட்டிச் சேமித்து அளவைப் பார்த்தால் 1 பைட். வேறொரு கோப்பில் ‘அ’ மட்டும் தட்டி, யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 3 பைட். பழைய விண்டோஸில் 6 காட்டினால் பதற வேண்டாம். கோப்பின் தொடக்கத்தில் அது தானாக ஓர் அடையாளக் குறி சேர்க்கிறது, அதற்கு 3 பைட். ‘கி’ என்று தட்டினால் 6 பைட் வரும்: க-வுக்கு ஒரு குறியீடு, இகரக் கொக்கிக்கு ஒரு குறியீடு. ‘கி’க்குப் பின் நின்று பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்தினால் கொக்கி மட்டும் போய்க் ‘க’ நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று தமிழ் வகுப்பில் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

பள்ளியில் இன்னும் புழங்கும் பழைய வினாத்தாள்களைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிவதும் இங்கேதான் விளங்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழுக்கெனத் தனிக் குறியீடு இல்லை. ஆங்கில எழுத்தின் குறியீட்டுக்கே தமிழ் உருவம் வரைந்து வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலிருக்கும் ஆங்கிலம் தெரிகிறது. யூனிகோடு வந்தபின் ‘அ’ என்பது உலகின் எந்தக் கணினியிலும் ‘அ’தான். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இனி உங்கள் வினாத்தாள்களையும் யூனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்வதை நாமும் செய்தாக வேண்டும்.

விரல்கள்

விசைப்பலகைக்கு வாரம் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், ஒரேயடியாக வேண்டாம். எஃப், ஜே விசைகளின் மேலுள்ள சிறு மேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வதே முதல் பயிற்சி. சுட்டுவிரல்கள் அங்கே அமர்ந்தால் மற்ற விரல்கள் தம் இடத்துக்கு வந்துவிடும்.

தமிழுக்கு எந்த முறை என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தமிழ் 99. ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டுவது தொடங்க எளிது, ஆனால் பிள்ளை ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலமாக மாற்றியே யோசிக்கப் பழகிவிடும். ல, ழ, ள வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் அதில் மேலும் தடுமாறும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற பலகை தமிழ் 99. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் பெரும்பாலும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஏ, கே, கே, க்யூ என்ற நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’: ஒரே மெய்யை இரண்டுமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். எஃப் விசைதான் புள்ளி. என்எச்எம் ரைட்டர், எ-கலப்பை போன்ற மென்பொருள்களில் இந்தத் தானியங்கிப் புள்ளி வேலை செய்யும். எல்லாப் பலகைகளிலும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது, ஆகவே வகுப்புக்கு முன் உங்கள் கணினியில் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா, அப்பா, பள்ளி, தமிழ் ஆகிய நான்கு சொற்களில் முதல் வாரத்தை ஓட்டிவிடலாம்.

குறுக்கு விசைகளில் நான்கைந்து மட்டும் போதும்: கன்ட்ரோலுடன் சி, எக்ஸ், வி, எஸ், இசட். இதில் முதலில் சொல்ல வேண்டியது இசட். ‘செய்ததைத் திருப்பிவிடலாம்’ என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் போய்விடும். பயம் போனால் கை தானே தேடிக் கற்கும்.

இணையத்தில் வாசல் பலகையைப் படித்தல்

உலாவி, தேடுபொறி, இணையம் மூன்றையும் பிள்ளைகள் ‘கூகுள்’ என்ற ஒரே சொல்லால் சொல்வார்கள். கணினிகளை இணைக்கும் வலையே இணையம். அதன் முன்னோடியான அர்பாநெட் 1969இலேயே தொடங்கியது. அதன்மேல் ஓடும் பக்கங்களின் தொகுப்பான வைய விரிவு வலையை டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல்தான் முன்மொழிந்தார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று கிடைத்தது. ஆண்டுகளைத் தேர்வுக்காக வைக்காதீர்கள், இரண்டும் வேறு வேறு என்று உணர்த்த மட்டும் பயன்படுத்துங்கள். உலாவியில் கூகுள் இல்லாமல் நேராக முகவரி தட்டி விக்கிப்பீடியாவுக்குப் போக வைத்தால் மீதி வேறுபாடும் விளங்கிவிடும்.

அதைவிட முக்கியம் முகவரியைப் படிக்கத் தெரிவது. உதவித்தொகை தருவதாகவும் இலவச மடிக்கணினி தருவதாகவும் வரும் போலி இணைப்புகள் பிள்ளைகளின் கைப்பேசிக்குத்தான் முதலில் வருகின்றன. முகவரிக்கு ஒரே விதி: தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நில், அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படி. ஜிஓவி.இன் என்று முடிந்தால் அது இந்திய அரசுத் தளம். அந்தப் பெயரை அரசு அமைப்புகளைத் தவிர வேறு யாரும் பெற முடியாது. ‘உதவித்தொகை.ஜிஓவி.இன்.ஏதோ.காம்’ என்று இருந்தால் அந்தத் தளத்தின் உரிமையாளர் ‘ஏதோ.காம்’, நடுவில் வரும் ஜிஓவி.இன் வெறும் ஒப்பனை. கரும்பலகையில் பத்து முகவரிகள் எழுதி, எது யாருடையது என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். பூட்டுச் சின்னம் இருந்தால் பாதுகாப்பு என்ற தவறான நம்பிக்கையையும் இங்கேயே களையுங்கள். பூட்டு, நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று சொல்லவில்லை. இந்தத் தவறான புரிதல் பரவலாக இருந்ததாலேயே குரோம் உலாவி 2023இல் அந்தச் சின்னத்தை மாற்றியது.

கடவுச்சொல்லுக்கு நீளம்தான் வலிமை. தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் நல்ல கடவுச்சொல் கிடைக்கும். தன் பெயரோடு 123 சேர்ப்பது கடவுச்சொல்லே ஆகாது. ஓடிபி எண்ணை யார் கேட்டாலும், ‘நான் பேங்கிலிருந்து பேசுகிறேன்’ என்றாலும், சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. இந்த எண்ணைப் பிள்ளைகள் வீட்டில் சுவரில் எழுதி வைக்கட்டும்.

ஆய்வகத்தை நடத்துவது

நாற்பது பிள்ளைக்கு இருபது கணினி, அதிலும் நான்கு ஓடாது என்பதே நம் பள்ளிகளின் வழக்கமான நிலை. இரண்டு அல்லது மூன்று பேரை ஒன்றாக உட்காரவைத்தால், வீட்டில் கணினி உள்ள பிள்ளை சுட்டியைப் பிடித்துக்கொள்ளும். மற்றவர்கள் ஆண்டு முழுக்க வேடிக்கை பார்ப்பார்கள். பல வகுப்புகளில் அப்படி ஒதுங்கி நிற்பவர்கள் பெண் பிள்ளைகள். இதை விதியால்தான் மாற்ற முடியும். ஒருவர் கை, ஒருவர் வாய்: வாயாக இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார், கையாக இருப்பவர் அதை மட்டும் செய்வார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து மாற்றுங்கள். ‘வாய்’ பொறுப்பில் இருக்கும்போது சொற்களைச் சொல்லியே ஆக வேண்டியிருப்பதால், கலைச்சொற்கள் இயல்பாகப் படியும். ‘அதை அமுக்கு, இதை அமுக்கு’ என்று சொல்பவரை, ‘அதற்குப் பெயர் என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். நீங்களும் பிள்ளையின் சுட்டியைத் தொடாதீர்கள். அவசரத்தில் ஆசிரியர் செய்து கொடுத்துவிடும் ஒவ்வொரு வேலையும் அந்தப் பிள்ளை கற்காமல் போன வேலை.

கைப்பேசிக் கோப்புகளைக் கணினியில் காட்ட வேண்டுமென்றால் உங்கள் சொந்தக் கைப்பேசியை இணைக்காதீர்கள். பள்ளிக்கென உள்ள பழைய கருவி ஒன்றில் நான்கு படங்கள் எடுத்து வைத்து, யுஎஸ்பி கேபிளால் இணைத்து, டிசிஐஎம் என்ற கோப்புறைக்குள் ‘கேமரா’வைத் திறந்து காட்டுங்கள். கேலரியில் பார்த்த அதே படம் இங்கே பெயரோடும் அளவோடும் இருப்பதைப் பார்க்கும்போது, கைப்பேசியும் ஒரு கணினிதான் என்பது சொல்லாமலே விளங்கும்.

பருவ முடிவில் எழுத்துத் தேர்வோடு நிறுத்திவிடாமல் இந்தச் செய்முறைத் தேர்வையும் வையுங்கள். தன்னைப் பற்றி ஐந்து வரிகளைத் தமிழில் தட்டச்சு செய்து, தன் கோப்புறையில் உரிய பெயரில் சேமித்து, பிடிஎஃப்பாக மாற்றி, கொடுத்த புகைப்படத்தை 50 கேபிக்குள் குறைத்து, இரண்டையும் பென்டிரைவில் நகலெடுத்துத் தர வேண்டும். அரை மணி நேரம். யாரிடமும் கேட்கக் கூடாது, ஆனால் தவறு செய்யலாம், திருத்தலாம், மறுபடி தொடங்கலாம். முடித்தவரிடம், ‘இந்தக் கோப்பு எங்கே இருக்கிறது? பெயர் என்ன? வகை என்ன? அளவு என்ன?’ என்று நான்கு கேள்வி கேளுங்கள். முடிக்க முடியாதவருக்குக் குறைந்த மதிப்பெண் போட்டு அனுப்பிவிடாதீர்கள். மதிய இடைவேளையில் ஆய்வகத்தைத் திறந்து வைத்து, அவர் முடிக்கும்வரை வாய்ப்புக் கொடுங்கள். கணினிகள் பூட்டிய அறைக்குள் தூசி படிந்து கெடுவதைவிடப் பிள்ளைகள் கை பட்டுத் தேய்வது எவ்வளவோ மேல்.